விற்கப்படுவது தரவா, தரவின் காட்சியா?

"நம்முடைய தரவையெல்லாம் விற்றுவிடுகிறார்கள்" என்ற பேச்சை இன்று டீக்கடையிலும் கேட்கலாம், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கலாம். செருப்பு வாங்கலாமா என்று கைபேசியில் ஒருமுறை தேடிப் பார்த்தவருக்கு, அடுத்த பத்து நாளும் செய்தித் தளம், சமையல் குறிப்பு, கிரிக்கெட் ஸ்கோர் என எதைத் திறந்தாலும் செருப்பே கண்ணில் படுகிறது என்றால், அவர் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் விற்பவர் யார், வாங்குபவர் யார், சரக்கு எந்த வடிவில் கைமாறுகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அதேபோல, அலுவலகத் திரைகளிலும் செய்திகளிலும் வண்ணவண்ணமாக வரும் விளக்கப்படங்களைப் பற்றியும் "படம் போட்டுக் காட்டினால்தான் புரியும்" என்பதைத் தாண்டி யாரும் அதிகம் பேசுவதில்லை.

உண்மையில் இவை இரண்டும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். ஒரு முனையில் யாரோ ஒருவர் கைபேசியைத் தட்டுகிறார். மறுமுனையில் வேறொருவர் திரையில் ஒரு கோடு ஏறுவதையோ இறங்குவதையோ பார்த்து ஒரு முடிவெடுக்கிறார். இடையிலுள்ள ஒவ்வொரு கண்ணியிலும் யாரோ காசு பார்க்கிறார்கள். பச்சையாகக் கிடக்கும் பதிவுகளுக்குத் தனித்தனியே மதிப்பு மிகக் குறைவு என்பதும், அவற்றைத் தொகுத்து, முடிவெடுக்க ஏற்ற உருவில் காட்டும்போதுதான் அவை காசாகின்றன என்பதும், அப்படிக் காட்டும் வேலையில்தான் மனிதர்களின் தீர்மானங்கள் சத்தமில்லாமல் உள்ளே நுழைகின்றன என்பதும் இந்தக் கட்டுரை விளக்க முயலும் செய்திகள்.

## பற்று நோட்டில் இருப்பதும் இல்லாததும்

எங்கள் தெருவின் மளிகைக் கடையில், மாதக் கணக்கு வைத்திருந்த குடும்பங்களுக்கென நீளவாக்கில் ஒரு பற்று நோட்டு இருந்தது. குடும்பத்துக்கு ஒரு பக்கம்; அதில் தேதி, பொருள், அளவு, தொகை என்று நான்கு பத்திகள். "12ஆம் தேதி, உளுந்து ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர்" என்பது போன்ற ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. நடந்த ஒன்றை, பின்னால் பயன்படும் என்று கருதி, ஒரே ஒழுங்கில் குறித்து வைத்தால் அதுவே தரவு. அதற்குக் கணினியும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. ஒழுங்கும் நோக்கமும் இருந்தால் போதும்.

நோக்கம் என்ற சொல்லை இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி அந்த நோட்டை எழுதியது கடனை வசூலிப்பதற்காக. எனவே கடனுக்கு வாங்கியது மட்டுமே அதில் ஏறியது. கையில் காசு கொடுத்து வாங்கிய வெல்லம் ஏறவில்லை. கருப்பட்டி கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனவரின் வருகையும் ஏறவில்லை. ஒரு குடும்பம் என்ன சாப்பிடுகிறது என்று அந்த நோட்டை வைத்துக் கண்டுபிடிக்க முயன்றால் தவறிப்போகும்; அந்தக் குடும்பம் எதைக் கடனுக்கு வாங்குகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

இணையக் கடையின் நோட்டு இதைவிட மிகப் பெரியது. வாங்கியதை மட்டுமல்லாமல் வாங்காமல் விட்டதையும் அது எழுதிக்கொள்கிறது: எந்தப் புடவையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள், எந்த நிறத்தில் எத்தனை நொடி நின்றீர்கள், கூடையில் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் எங்கே தயங்கி வெளியேறினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அண்ணாச்சியின் நினைவில்கூடத் தங்காத செய்திகள் இவை. இருந்தாலும், நீங்கள் திரையை மூடியது விலை கட்டுப்படியாகாததாலா, அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் அடித்ததாலா என்பது அந்த நோட்டுக்கும் தெரியாது. எவ்வளவு பெரிய தரவானாலும், எதைக் குறிக்கலாம் என்று முன்கூட்டியே யாரோ வகுத்த பத்திகளுக்குள்தான் அது நிற்கிறது.

## எண்ணை ஏன் படமாக்க வேண்டும்

எண்களை நீளம், இடம், கோணம், பரப்பு, நிறம் என்று கண்ணால் அளக்கக்கூடிய பண்புகளாக மாற்றி வரைவதற்குத் தரவுக் காட்சிப்படுத்தல் என்று பெயர். அப்படி வரைந்ததை விளக்கப்படம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். இந்தக் கலைக்கு வயது அதிகமில்லை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786இல் வெளியிட்ட வணிக அட்லஸில்தான் நாட்டின் ஏற்றுமதியும் இறக்குமதியும் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரையப்பட்டன. வட்ட விளக்கப்படத்தை 1801இல் அறிமுகப்படுத்தியவரும் அவரே.

படம் எதற்கு, சராசரி போன்ற ஓரிரு எண்களைச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு மிகச் சிறந்த பதிலை 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் தந்தார். அவர் நான்கு சிறிய அட்டவணைகளைத் தயாரித்தார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் முதல் பத்தியின் சராசரி 9, இரண்டாவது பத்தியின் சராசரி 7.5; இரு பத்திகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு எண்ணும் நான்கிலும் ஏறத்தாழ 0.82. கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு நான்கும் ஒரே அட்டவணைதான். ஆனால் புள்ளிகளாக வரைந்து பார்த்தால், முதலாவது கொஞ்சம் சிதறிய ஏறுமுகமாகவும், இரண்டாவது வில்லைப்போல் வளைந்தும், மூன்றாவது நூல் பிடித்ததுபோன்ற நேர்கோடாக, ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியே மேலே துள்ளியும் காணப்படும். நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்க, எங்கோ தொலைவிலுள்ள ஒற்றைப் புள்ளிதான் அந்த ஒட்டுறவு எண் முழுவதையும் இழுத்துக் கொடுத்திருக்கும். கணக்கு மறைத்ததைக் கண் ஒரு நொடியில் பிடித்துவிடுகிறது.

ஆனால் கண்ணின் திறமையும் எல்லாவற்றிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. 1984இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் ஆகிய இருவரும் மனிதர்களிடம் படங்களைக் காட்டி அளவுகளை ஊகிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் அமைந்த புள்ளிகளின் இடத்தைத்தான் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது. அடுத்து நீளம், அதற்கடுத்துக் கோணம், பிறகு பரப்பு. நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவு சொல்லச் சொன்னால் மிகவும் தடுமாறுகிறது. பட்டை விளக்கப்படம் எளிதாகப் புரிவதும், வட்ட விளக்கப்படத்தில் 23 சதவீதத் துண்டையும் 26 சதவீதத் துண்டையும் பிரித்தறிய முடியாமல் போவதும் இதனால்தான். தேர்தல் நேரத்தில் அந்த வட்டத்தைச் சாய்த்து, தடிமன் கொடுத்து, முப்பரிமாணத்தில் சுழலவிடும்போது முன்னால் இருக்கும் துண்டு தன் பங்கைவிடப் பெரிதாகத் தெரியும். அழகுக்காகச் செய்ததா, ஏமாற்றச் செய்ததா என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

பரப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லலாம். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் அன்றாடம் பார்க்கிறோம். முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 60 அடி என்று படித்தவுடன் பாதி அணை நிரம்பியிருக்கிறது என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலமாக விரிவதால், 60 அடியில் இருக்கும் நீர் பாதியைவிட வெகு குறைவு. அளவுகோல் பொய் சொல்லவில்லை. அது உயரத்தை அளக்கிறது, நாம் அதைக் கொள்ளளவாகப் படித்துவிடுகிறோம். விளக்கப்படத்திலும் இதே வழுக்கல் உண்டு. வருமானம் இரண்டு மடங்கானதைக் காட்ட வட்டத்தின் ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகி, பார்ப்பவர் மனத்தில் வருமானமும் அந்த அளவுக்கு உப்பிவிடுகிறது.

இதுவரை பார்த்தவற்றைச் சுருக்கினால்: தரவு என்பது ஒரு நோக்கத்தோடு குறித்து வைத்த பதிவு, விளக்கப்படம் அந்தப் பதிவுகளைக் கண் அளக்கும் பண்புகளாக மாற்றுகிறது, எந்தப் பண்பாக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே பார்ப்பவர் சரியாகவோ தவறாகவோ அளக்கிறார்.

## சோஹோ தெருக் குழாயும் ஒரு தவறான பாடமும்

காட்சிப்படுத்தலின் வலிமைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் லண்டன் சோஹோ பகுதியில் 1854இல் பரவிய காலரா. ஆகஸ்ட் மாத இறுதியில் தொடங்கி, பத்தே நாட்களில் அந்தச் சிறிய வட்டாரத்தில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை நிலப்படத்தில் குறித்தார், பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றிக் குறிகள் குவிந்திருப்பதைக் கண்டார், குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார், காலரா நின்றது என்று கதை சொல்லப்படுகிறது.

நடந்தது கொஞ்சம் வேறு. காலரா குடிநீரால் பரவுகிறது என்ற கருத்தை ஸ்னோ 1849இலேயே எழுதியிருந்தார். சோஹோவில் நோய் பரவியதும் பதிவு அலுவலகத்தில் 83 இறப்புகளின் விவரத்தை வாங்கி, வீடு வீடாகப் போய் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தீர்கள் என்று விசாரித்தார். கைப்பிடி செப்டம்பர் 8ஆம் தேதி கழற்றப்பட்டது. அதற்குள் மக்கள் ஊரைவிட்டு ஓடியிருந்தார்கள், நோயும் தணியத் தொடங்கியிருந்தது. புகழ்பெற்ற அந்த நிலப்படம் அதற்குப் பின்னர்தான் வரையப்பட்டு, 1855இல் அச்சில் வந்தது. அதாவது, படம் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை; நடந்து கேட்டு அறிந்ததைப் பிறருக்கு நம்பும்படி காட்டியது.

அந்த விசாரணையில் கிடைத்த ஒரு செய்தி படத்தைவிடக் கூர்மையானது. அதே பிராட் தெருவில், குழாய்க்கு அருகிலேயே ஒரு பீர் வடிப்பாலை இருந்தது. அங்கே வேலை பார்த்த எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்களில் யாரும் காலராவுக்குப் பலியாகவில்லை. வேலையாட்களுக்குப் பீர் இலவசமாகக் கிடைத்ததால் அவர்கள் தெருக்குழாயின் பக்கம் போகவில்லை. ஆலைக்குள்ளே தனிக் கிணறும் இருந்தது. நிலப்படத்தில் அந்த இடம் வெறும் வெற்றிடமாகத்தான் தெரியும். அந்த வெற்றிடம் ஏன் வெற்றிடமாக இருக்கிறது என்று போய்க் கேட்டவருக்குத்தான் அது ஆதாரமாயிற்று.

## அச்சு எங்கே தொடங்குகிறது

விளக்கப்படத்தின் ஓரத்தில் அளவுகள் எழுதப்பட்ட கோட்டுக்கு அச்சு என்று பெயர். படங்கள் தவறான எண்ணத்தைத் தருவதில் பாதிக்கு மேல் இந்த அச்சில் நடப்பதுதான் என்பது என் அனுபவம். ஒரு கடையில் போன மாதம் 96 பேரும் இந்த மாதம் 98 பேரும் பொருள் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டைகளைச் சுழியத்திலிருந்து வரைந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். அச்சை 95இலிருந்து தொடங்கினால் முதல் பட்டைக்கு ஓர் அலகு உயரம், இரண்டாவதற்கு மூன்று அலகு. இரண்டு சதவீத ஏற்றம், கண்ணுக்கு மும்மடங்கு ஏற்றமாகிவிட்டது. ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாதாந்திரக் கூட்டத்துக்கு விற்பனைப் படம் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. மென்பொருள் தானாகவே அச்சை எண்களுக்கு ஏற்றபடி சுருக்கிக்கொள்ளும் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. ஒரு மாதம் பட்டைகள் மலையேறுவதுபோல் நின்றன. மேலாளர் மகிழ்ந்து அந்தப் பிரிவுக்குக் கூடுதல் ஆளும் கேட்டு எழுதிவிட்டார். பிறகு எண்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான் ஏற்றம் வாடகை உயர்வுக்குக்கூடப் போதாது என்று தெரிந்தது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. மென்பொருளின் இயல்பு அமைப்பை யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு எல்லா அச்சும் சுழியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம் போடவும் கூடாது. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தைக் கோடாக வரையும்போது சுழியம் ஃபாரன்ஹீட்டிலிருந்து தொடங்கினால் 98.6க்கும் 103க்கும் வேறுபாடே தெரியாது. பட்டை, தன் முழு நீளத்தால் பேசுகிறது. எனவே அதற்குச் சுழியம் கட்டாயம். கோடு, தன் ஏற்ற இறக்கத்தால் பேசுகிறது. அதற்கு எந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது என்பதை அறிந்து அச்சை அமைக்க வேண்டும்.

## ஒரு தட்டலின் பயணம்

இனி சங்கிலியின் முதல் முனைக்குப் போவோம். கோவில் வாசலில் செருப்பு விடும்போது ஒரு டோக்கன் தருகிறார்கள். டோக்கனில் உங்களைப் பற்றி எதுவும் எழுதியிருக்காது, வெறும் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு உரிய செருப்பு எது என்பது கடைக்காரருக்குத் தெரியும். இணையத்தில் குக்கி என்பது இந்த டோக்கன்தான். ஒரு தளம் உங்கள் உலாவியில் (பிரவுசரில்) விட்டுவைக்கும் சிறு எழுத்துக் குறிப்பு அது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி 1994இல் இதை உருவாக்கியதன் நோக்கம் எளியது: அடுத்த பக்கத்துக்குப் போனாலும் இவர் அதே ஆள்தான் என்று தளம் அடையாளம் காண வேண்டும்.

இப்போது ஊரிலுள்ள எல்லாக் கோவில்களிலும் செருப்பு வைக்கும் குத்தகையை ஒரே ஆள் எடுத்து, உங்களுக்கு எங்கும் ஒரே டோக்கன் எண்ணைத் தருகிறார் என்று கற்பனை செய்யுங்கள். திங்கட்கிழமை சிவன் கோவில், செவ்வாய் முருகன் கோவில், சனிக்கிழமை பெருமாள் கோவில் என்று நீங்கள் போய்வருவது எந்தக் கோவிலுக்கும் முழுதாகத் தெரியாது, குத்தகைக்காரருக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான தளங்களில் விளம்பரப் பெட்டி வைத்திருக்கும் நிறுவனம் இந்தக் குத்தகைக்காரரின் இடத்தில் இருக்கிறது. உங்கள் பெயர் தெரியாமலேயே உங்கள் வாரம் முழுவதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. சஃபாரி, ஃபயர்பாக்ஸ் ஆகிய உலாவிகள் இப்படிப் பல தளங்களைத் தாண்டித் தொடரும் குக்கிகளை இயல்பாகவே தடுக்கின்றன. குரோம் உலாவியில் அவற்றை நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

இந்தத் தகவலைக் காசாக்கும் இடம் ஏலம். சென்னைக் காசிமேட்டில் விடியற்காலையில் படகிலிருந்து இறங்கும் மீன்கூடையைச் சுற்றி வியாபாரிகள் நின்று விலை கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், அதிலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்குப் போகிறது. "இன்ன பக்கம், இன்ன வகைக் கைபேசி, தோராயமாக இந்த ஊர், இந்த டோக்கன் எண்" என்ற குறிப்பு பல வாங்குபவர்களின் கணினிகளுக்கு ஒரே நேரத்தில் போகிறது. டோக்கன் எண்ணை வைத்து அவை தங்கள் நோட்டைப் புரட்டி, செருப்புத் தேடியவர் இவர்தான் என்று கண்டு விலை சொல்கின்றன. அதிக விலை சொன்னவரின் விளம்பரம் பக்கத்தில் ஏறுகிறது. பக்கம் முழுவதும் திரையில் வந்து சேர்வதற்குள், ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் இது முடிந்துவிடுகிறது. மீன் அழுகுவதற்குள் விற்க வேண்டும். விளம்பர இடம் அதைவிட விரைவாக அழுகுகிறது.

காசிமேட்டு ஒப்புமையில் இன்னொரு பொருத்தமும் உண்டு. மீனை எடுத்துக்கொண்டு போகிறவர் ஒருவர். ஆனால் கூடைக்குள் என்ன இருந்தது என்பதைச் சுற்றி நின்ற எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இணைய ஏலத்திலும் தோற்றவர்களின் கணினிகளுக்கும் அந்தக் குறிப்பு போய்விட்டது. தனியுரிமைக்காகப் பேசுபவர்கள் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

## யார் எதை விற்கிறார்கள்

இவ்வளவும் தெரிந்த பிறகு "தரவை விற்கிறார்கள்" என்ற பேச்சைப் பிரித்துப் பார்க்க முடியும். கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்கள் உங்களைப் பற்றிய பதிவுகளின் பட்டியலை எடுத்து விளம்பரதாரரின் கையில் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் அவர் திரும்பி வரவேண்டிய தேவையே இருக்காது. "கோவையில் இருக்கும், சைக்கிள் வாங்க நினைக்கும் ஆட்கள்" என்று விளம்பரதாரர் கேட்க, அப்படிப்பட்டவர்களின் கண்ணெதிரே ஓர் இடத்தை வாடகைக்கு விடுகின்றன. 2023இல் மெட்டாவின் வருமானம் ஏறத்தாழ 13,490 கோடி டாலர். அதில் கிட்டத்தட்ட 98 சதவீதம் விளம்பரத்திலிருந்து வந்தது. கூகுளின் தாய் நிறுவனத்துக்கும் அதே ஆண்டில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பர வருமானம்தான்.

பட்டியலையே விற்பவர்களும் இருக்கிறார்கள். பல இடங்களிலிருந்து மனிதர்களைப் பற்றிய பதிவுகளைச் சேர்த்து, இணைத்து, வேண்டியவர்களுக்கு விற்கும் நிறுவனங்களுக்குத் தரவுத் தரகர்கள் என்று பெயர். அவர்கள் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. நாம் அவர்களின் வாடிக்கையாளர்கள் அல்லவே. இணையம் வந்துதான் இந்தத் தொழில் பிறந்தது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஆக்ஸியம் என்ற தரகு நிறுவனம் 1969இலேயே தொடங்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது: பார்க்கும் கருவியை விற்பவர்கள். ஒரு நிறுவனத்தின் விற்பனை, இருப்பு, வருகை என எல்லா எண்களையும் ஒரே திரையில் விளக்கப்படங்களாகக் காட்டி, தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் பலகைக்கு டேஷ்போர்டு என்று பெயர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2003இல் பிறந்த டேப்லோ என்ற நிறுவனம் இத்தகைய கருவியைத்தான் விற்றது. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் 2019இல் அதை 1,570 கோடி டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது; அதே மாதத்தில் கூகுளும் லுக்கர் என்ற இன்னொரு கருவியை 260 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. படம் வரையும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2011இல் வெளிவந்த டி3 என்ற நிரல் தொகுப்பை இன்றும் யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். அப்படியானால் இத்தனை கோடி எதற்கு? பத்து இடங்களில் பத்து வடிவில் கிடக்கும் பதிவுகளை ஒன்றாக இணைப்பதற்கும், விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒரே எண்ணைப் பார்ப்பதற்கும், யார் எதைப் பார்க்கலாம் என்று பூட்டுப் போடுவதற்கும்தான் அந்தக் காசு. வரைவது கடைசி வேலை. அதற்கு முன்னால் இருக்கும் கூட்டிப் பெருக்கும் வேலையே பெரிது.

இலவசமாகக் கொடுப்பதும் இந்த வணிகத்தின் ஓர் உத்தி. தளங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று அளக்கும் மென்பொருளை உருவாக்கிய அர்ச்சின் நிறுவனத்தை 2005இல் வாங்கிய கூகுள், அதே ஆண்டிலேயே அதை எல்லோருக்கும் இலவசமாகத் தந்தது. எந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட தள உரிமையாளர், அவர்களைப் பிடிக்க விளம்பரமும் வாங்குவார் அல்லவா? தராசை இலவசமாகக் கொடுத்தவரிடமே சரக்கும் கிடைத்தது.

"தரவுதான் புதிய எண்ணெய்" என்று 2006இல் சொன்னவர், பிரிட்டனின் டெஸ்கோ கடைகளுக்கு வாடிக்கையாளர் அட்டைத் திட்டத்தை அமைத்ததில் பங்கேற்ற கணிதவியலாளர் கிளைவ் ஹம்பி. சுத்திகரிக்காமல் பயனில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு எண்ணெயைவிடப் பால் சங்கத்து ஒப்புமை பொருத்தமாகப் படுகிறது. ஒரு வீட்டுப் பால் வராவிட்டால் சங்கத்துக்கு ஒன்றுமில்லை. ஊர்ப் பால் முழுவதும் கேனில் சேர்ந்தால்தான் வியாபாரம். நேற்றைய பால் இன்றைக்கு ஆகாது என்பதும், செருப்பு வாங்கி முடித்தவருக்குச் செருப்பு விளம்பரம் காட்டிப் பயனில்லை என்பதும் ஒன்றே.

சுருக்கமாக: விளம்பர நிறுவனங்கள் விற்பது கண்ணெதிரே உள்ள இடத்தை; தரகர்கள் விற்பது தொகுத்த பட்டியலை; கருவி நிறுவனங்கள் விற்பது பார்வையை. மூன்றையும் "தரவு விற்பனை" என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

## பெயர் இல்லாவிட்டால் போதுமா

பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டால் தரவு யாரையும் காட்டிக்கொடுக்காது என்பது இன்னொரு பரவலான நம்பிக்கை. ஓட்டப் பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்டிராவா என்ற செயலி, 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய, சைக்கிள் ஓட்டிய பாதைகளையெல்லாம் சேர்த்து ஓர் உலக நிலப்படமாக வெளியிட்டது. எங்கே நடமாட்டம் அதிகமோ அங்கே வெளிச்சம் அதிகம். இத்தகைய படத்துக்கு வெப்பப்படம் என்று பெயர். யாருடைய பெயரும் அதில் இல்லை. நகரங்கள் தீபாவளிக்கு விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தன. அங்கே எதையும் பிரித்தறிய முடியாது. ஆனால் 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட பாலைவனப் பகுதிகளில் தனியாக மின்னும் சிறு கட்டங்களைச் சுட்டிக்காட்டினார். உள்ளூர் மக்கள் அந்தச் செயலியைப் பயன்படுத்தவில்லை. ராணுவ முகாம்களின் வேலியோரமாக ஓடிய வெளிநாட்டுப் படைவீரர்கள் பயன்படுத்தினார்கள். ஓடுபாதையே முகாமின் எல்லையை வரைந்து காட்டிவிட்டது. அட்டவணையாக இருந்தவரை பிரச்சினை யார் கண்ணிலும் படவில்லை, படமாக்கியதும் பட்டுவிட்டது.

சட்டங்கள் மெல்லத்தான் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2022இலும் இந்தியா 2023இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. இவை யார் எதைச் சேகரிக்கலாம், எதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பேசுகின்றன. சேகரித்ததை எப்படி வரைந்து காட்டுவது என்பது இவற்றின் எல்லைக்கு அப்பால்தான் கிடக்கிறது.

## "தெரியாது" என்பதற்கு எந்த இடத்தில் புள்ளி வைப்பது

இறுதியாக, இரு முனைகளும் நேரடியாகச் சந்திக்கும் ஓர் இடத்தைப் பார்ப்போம். இணையத்தில் இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியும் தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் எண்ணுக்கு ஐபி முகவரி என்று பெயர். அது அஞ்சல் முகவரி அல்ல. எந்த வலையமைப்பின் வழியாக வந்தது என்பதைத்தான் அது முதலில் சொல்கிறது. இருந்தும் "உங்கள் வாசகர்கள் எந்த ஊர்" என்று டேஷ்போர்டு நிலப்படம் காட்டுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். நான் சிறிய அளவில் எழுதிவந்த ஒரு தளத்தின் நிலப்படத்தில் சென்னையின் மேல் மட்டும் பெரிய வட்டம் நின்றது. எனக்கு அஞ்சல் எழுதுபவர்களோ தேனி, பட்டுக்கோட்டை, நாகர்கோவில் என்று இருந்தார்கள். கைபேசி நிறுவனங்கள் பல மாவட்டங்களின் இணையப் போக்குவரத்தைப் பெருநகரத்திலுள்ள ஒரு வாயில் வழியாக வெளியே அனுப்புகின்றன. நிலப்படம் காட்டியது வாசகர்களின் ஊரை அல்ல, அந்த வாயிலின் ஊரை.

என் தளத்தில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. அமெரிக்காவில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது வேறு. ஐபி முகவரிக்கு இடம் சொல்லும் தரவுத்தொகுப்பை விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனம், ஒரு முகவரி அமெரிக்காவில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்து, எந்த ஊர் என்று தெரியாதபோது, நாட்டின் நடுவாகக் கருதத்தக்க ஓர் இடத்தை எழுதிவைத்தது. துல்லியமான நடுப்புள்ளியின் எண்கள் நீளமாக இருந்ததால், வசதிக்காக 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்களாக்கினார்கள். அந்தப் புள்ளி, கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை வீட்டின் முற்றத்தில் போய் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த முற்றத்தில் குவிந்தன.

தரவுத்தொகுப்பை வாங்கியவர்கள் அதை நிலப்படத்தில் வரைந்தார்கள். படத்தில் "தெரியாது" என்று ஒரு குறி கிடையாது. புள்ளி மட்டுமே உண்டு. பணத்தைப் பறிகொடுத்தவர்கள், மிரட்டல் மின்னஞ்சல் வந்தவர்கள், காணாமல்போன பிள்ளையைத் தேடியவர்கள் என்று பலரும், அவர்களோடு காவல்துறையும் கூட்டாட்சி அதிகாரிகளும், திரையில் தெரிந்த புள்ளியை நம்பி அந்த வீட்டின் கதவை ஆண்டுக்கணக்கில் தட்டினார்கள். அங்கே குடியிருந்தவர்களுக்கு ஏன் இப்படி நடக்கிறது என்றே தெரியவில்லை. 2016இல் ஒரு செய்தியாளர் காரணத்தைக் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு, நிறுவனம் அந்தப் புள்ளியை விசிட்டா நகருக்கு மேற்கேயுள்ள ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவுக்கு நகர்த்தியது. அங்கே போய்த் தட்டுவதற்கு யாருடைய கதவும் இல்லை.